முயலின் தலை சாய்ந்தால், கால் இழுத்தால்: கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி

முயலின் தலை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் செய்யக்கூடாத முதல் வேலை, கழுத்தைப் பிடித்து நிமிர்த்தப் பார்ப்பது. கழுத்தில் ஒன்றுமில்லை. அதற்கு நிலமே சரிந்து தெரிகிறது. சரிந்த நிலத்துக்கு அது நேராகத்தான் நிற்கிறது.

எங்கள் வளவில் இது நடந்தபோது எனக்கும் இது தெரியாது. மட்டக்களப்பில் வாவிக்குக் கிட்ட வீடு, மாமரத்துக்குக் கீழே கூடு, இரண்டு கிலோ வரும் ஒரு வெள்ளை முயல், பெயர் சீனி. இரவு நன்றாகக் கங்குங் தின்றுவிட்டுப் படுத்தது, விடிய எழும்பிப் பார்த்தால் இடது காது தரையில் முட்டுகிற மாதிரித் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு கூட்டின் மூலையில் கம்பியோடு ஒட்டி நிற்கிறது. தூக்கப் போனேன், கையை விட்டு நழுவி விறகுக்கட்டை மாதிரி மூன்று நான்கு தரம் உருண்டது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நாவூறு பட்டிருக்கும் மகன், செத்தல் மிளகாய் சுத்திப் போடு" என்றார். சுற்றிப் போட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். மறுகா ஒரு பாமசிக்கு ஓடினேன். அங்கே நின்றவர் கேட்ட கேள்வி "முயலுக்கா?" என்பது மட்டும்தான், உடனே குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் பாணியை எடுத்துத் தந்தார். அதைக் கொடுக்காமல் விட்டதற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை, வீட்டில் சிரிஞ்ச் இருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மருந்தைப் பற்றிக் கீழே வருகிறது, அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நான் மிருக வைத்தியர் இல்லை. பத்து வருடமாக முயல் வளர்க்கிறேன், நாலைந்து தரம் இப்படி அடிபட்டிருக்கிறேன். கற்றுக்கொண்டதில் உருப்படியானது ஒன்று: "இது என்ன நோய், என்ன மருந்து" என்று தேடுவதற்கு முன்னால் "கோளாறு எந்த இடத்தில்" என்று பார்க்க வேண்டும். இடம் நான்குதான். காது, மூளை, முள்ளந்தண்டு, இல்லாவிட்டால் நரம்பில் ஒன்றுமில்லாமல் சூடோ நஞ்சோ பட்டினியோ முழு உடம்பையும் பிடித்திருப்பது. இந்த நான்கில் எது என்று ஓரளவு தெரிந்தால் டொக்டரிடம் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் நம் பக்கத்து அரசாங்க மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழியோடு இருப்பவர்கள், முயல் அவர்கள் மேசைக்கு எப்போதாவதுதான் வரும்.

காத்திருக்கக்கூடாத நேரங்கள்

கீழே உள்ள எதையும் பொறுமையாக வாசிக்க நேரமில்லாத நிலைமைகள் சில உண்டு. வலிப்பு சில நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போவது, பின்கால் இரண்டும் திடீரென்று விழுந்துவிடுவது, உடம்பு கொதித்து வாயால் மூச்சு விடுவது, உருளுவது நிற்காமல் இருப்பது, பிறகு எல்லோரும் கவனிக்காமல் விடும் ஒன்று, 12 மணிநேரமாக ஒன்றும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருப்பது. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான். அது நின்றால் நரம்பு நோய் கொல்வதற்கு முன்பே குடல் கொன்றுவிடும். இவற்றில் ஒன்று இருந்தால் போனை மூடிவிட்டு ஓட்டோவைக் கூப்பிடுங்கள்.

நோயே இல்லாத நோய்கள்

சிவப்புக் கண் வெள்ளை முயல், நம் ஊரில் அதிகம் இருக்கும் இனம், சில நேரம் தலையை இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே ஒன்றைப் பார்க்கும். பேய் பிடித்தது மாதிரி இருக்கும். அது நோய் இல்லை. கண்ணில் நிறமி இல்லாததால் பார்வை குறைவு, தூரத்தை அளக்க அப்படி ஆட்டிப் பார்க்கிறது. தலை சாயாமல், நடை மாறாமல், தின்றுகொண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். அதேபோல நல்லாய் இருந்த முயல் பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து கண்ணை அரைவாசி மூடிக் கிடந்தால் அது சந்தோசத்தில் படுப்பது. துள்ளி அந்தரத்தில் உடம்பை முறுக்கிக் குதிப்பதும் அதுதான். பெயரைக் கூப்பிட்டு ஒரு துண்டு வாழைப்பழம் காட்டுங்கள், எழும்பி வந்தால் கதை முடிந்தது.

போனை எடுங்கள்

டொக்டரிடம் கொண்டுபோனால் முயல் பயத்தில் கல்லாய் உறைந்துவிடும், வீட்டில் காட்டிய ஒன்றையும் அங்கே காட்டாது. ஆகவே வீடியோ. டைல்ஸ் தரையிலோ சீமெந்துத் தரையிலோ எடுக்காதீர்கள், நல்ல முயலும் அதில் வழுக்கி நொண்டி மாதிரித் தெரியும். ஈரமில்லாத சாக்கு ஒன்றை விரித்து, போனைத் தரையோடு தரையாக வைத்து, முன்னாலிருந்து அரை நிமிடம், பின்னாலிருந்து அரை நிமிடம், பக்கத்திலிருந்து அது தானாக நடக்கும்வரை. பிறகு கண்ணுக்குக் கிட்டப் போய் ஒரு நிமிடம். கண் வீடியோ கட்டாயம், காரணம் கீழே. எப்போது தொடங்கியது, ஒரே இரவிலா மெல்ல மெல்லவா, முதல் நாள் என்ன தின்றது, யார் தூக்கினார்கள், மருந்து, ஸ்பிரே ஏதாவது அடித்தீர்களா, இதையெல்லாம் ஒரு கடுதாசியில் எழுதுங்கள். எடையும் வேண்டும், குசினித் தராசில் ஒரு பேசினை வைத்து நிறுத்தால் போதும்.

காதா, மூளையா

தலை சாய்ந்த முயலில் பெரும்பாலும் கேள்வி இதுதான். உடம்பின் சமநிலையைப் பார்ப்பது உட்செவியில் இருக்கும் ஒரு உறுப்பு, அதிலிருந்து நரம்பு மூளைத்தண்டுக்குப் போகிறது. இரண்டு நுனியில் எதில் பழுது வந்தாலும் தலை சாயும், வட்டமடிக்கும், உருளும், கண் துடிக்கும். காதில் வருவது பெரும்பாலும் பக்டீரியாச் சீழ். பாஸ்டுரெல்லா அதில் பெயர் போனது, ஸ்டெபிலோகொக்கஸ் போன்றவையும் உண்டு. மூளையில் வருவதற்கு முக்கிய சந்தேக நபர் ஈ. கூனிகுலி என்கிற ஒரு கிருமி. என்செபலிட்டோசூன் கூனிகுலி என்பது முழுப் பெயர், பங்கசுக்குச் சொந்தக்கார ஒட்டுண்ணி.

முதலில் கண். முயலை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு கருவிழியைப் பாருங்கள். ஒரு பக்கம் மெதுவாக நழுவிப் போய் மறுபக்கம் வெடுக்கென்று திரும்பி வருகிறதா? தலையை ஆட்டும்போது எந்த முயலுக்கும் இப்படிக் கொஞ்சம் நடக்கும், அதைக் கணக்கெடுக்க வேண்டாம்; அசையாமல் இருக்கும்போது நடந்தால்தான் கணக்கு. இடம் வலமாகவோ சக்கரம் மாதிரிச் சுற்றியோ துடித்தால் காதாகவும் இருக்கலாம், மூளையாகவும் இருக்கலாம். மேலும் கீழுமாகத் துடித்தால், அல்லது தலையை வைக்கும் நிலைக்கு ஏற்பத் துடிக்கும் திசை மாறினால், மூளையின் பக்கம் சந்தேகம் கூடும். காதுக் கோளாறில் வழக்கமாகத் தலை பழுதான காதின் பக்கம் சாயும், கண் வெடுக்கென்று போவது அதற்கு எதிர்ப்பக்கம். சீனிக்குத் தலை இடப்பக்கம், கண் வலப்பக்கமாக வெட்டி வெட்டி அடித்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தலை கிறுகும்.

அடுத்தது முகம். நேராக முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு காது மட்டும் தொங்குகிறதா, ஒரு பக்க உதடு சரிந்து எச்சில் வடிகிறதா, மூக்குத் துடிப்பு ஒரு பக்கம் மட்டும் நடக்கிறதா? விரல் நுனியால் கண்ணின் இரண்டு ஓரங்களையும் மெல்லத் தொடுங்கள், இமை மூட வேண்டும். ஒரு பக்கம் மூடவில்லை என்றால் முகத்து நரம்பு விழுந்திருக்கிறது. அந்த நரம்பு நடுச்செவியை உரசிக்கொண்டு போவதால், தலை சாய்ந்த அதே பக்கம் முகமும் தொங்கினால் காதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கையைக் கண்ணுக்கு முன்னால் வேகமாகக் கொண்டுபோய் இமைக்கிறதா என்று பார்ப்பார்கள், அது முயலிடம் எடுபடாது. நல்ல முயலே இமைக்காமல் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதை வைத்துக் குருடு என்று முடிவெடுக்காதீர்கள்.

காதுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், அடியை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள், முகர்ந்தும் பாருங்கள். வலித்தால் பல்லைக் கடிக்கும், தலையை உதறும். முயலின் சீழ் நம்முடையது மாதிரி வடியாது, கட்டித் தயிர் மாதிரி உறைந்து கிடக்கும். அதனால்தான் காது மருந்து விட்டுக் கழுவி எடுக்க முடியாமல் போகிறது. தவிட்டு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு இருந்தால் அது காதுச் சொறி உண்ணி, அதைச் சுரண்டாதீர்கள், பயங்கரமாக வலிக்கும், டொக்டரின் மருந்துக்குத் தானாக விழும். இங்கே நான் ஏமாந்த ஒரு இடம் இருக்கிறது: வெளிக்காது கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருந்துகொண்டே நடுச்செவி முழுக்கச் சீழ் நிரம்பி இருக்கலாம். வெளியே சுத்தம் என்பதால் காது தப்பிவிட்டது என்று எழுதிவிட முடியாது. மண்டையோட்டு எக்ஸ்ரேயில் நடுச்செவிக் குமிழ் தெரியும், அதுவும் எல்லா நேரமும் காட்டிக்கொடுக்காது. சீட்டி ஸ்கேன் அதைவிட நல்லாய்க் காட்டும். செவிப்பறை ஓட்டையாய் இருக்கிறதா என்று தெரியாமல் எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள். காது தொங்கும் இன முயல் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் இரண்டு தரம் பாருங்கள், காற்றுப் படாத காது அது, சீழ் பிடிக்க வசதி.

கடைசியாகப் பாதம். சாக்கில் நிற்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு கை கொடுத்துக்கொண்டு, ஒரு பாதத்தை மடக்கிப் புறங்கால் தரையில் படுகிற மாதிரி வையுங்கள். நல்ல முயல் உடனே திருப்பி வைக்கும். காதில் மட்டும் பழுது என்றால், உருளுகிற முயலாக இருந்தாலும், பாதத்தைச் சரியாக வைக்கும். மடங்கியபடியே விட்டால் மூளையோ முள்ளந்தண்டோ சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆனால் பயந்த முயல் உறைந்துபோய் அப்படியே விட்டுவிடும், ஆகவே ஒரு தரம் செய்து பார்த்துவிட்டு அழத் தொடங்க வேண்டாம். நாலு காலையும், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, அமைதியான நேரத்தில் திரும்பவும் செய்யுங்கள்.

ஈ. கூனிகுலியைப் பற்றிக் கொஞ்சம்

இது சிறுநீரில் வெளியே வரும் வித்தியால், அதாவது கிருமியின் விதை மாதிரியான வடிவத்தால், பரவுகிறது. நோயுள்ள முயலின் மூத்திரம் பட்ட புல்லைத் தின்றால் அடுத்ததுக்குத் தொற்றும், தாயின் வயிற்றிலேயே குட்டிக்கும் போகும். உள்ளே போனால் மூளை, சிறுநீரகம், கண் வில்லை, இந்த மூன்றும்தான் அதன் வீடு. அதனால் தலையை மட்டும் பார்க்காமல், தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கிறதா, கண்ணுக்குள்ளே வெள்ளையாய் ஒரு புள்ளி, மா பூசின மாதிரி, தெரிகிறதா என்றும் பாருங்கள். இளம் முயலில் ஒரு கண்ணில் மட்டும் இப்படி வெள்ளை விழுந்திருந்தால் சந்தேகம் நன்றாகவே கூடும். தலை சாய்வதைவிட மெதுவாக, வாரக்கணக்கில் பின்கால் தளர்ந்துகொண்டு போவதும் இதன் வேலையாக இருக்கலாம்.

இரத்தத்தில் பிறபொருளெதிரி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு செய்துகொள்வது, இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு, அதை வாசிக்கும் விதம்தான் முக்கியம். "இருக்கிறது" என்று வந்தால் அந்த முயல் கிருமியை எப்போதோ சந்தித்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு குறையுமில்லாமல் துள்ளித் திரியும் முயல்களிலும் அப்படி வரும். "இல்லை" என்று வருவதுதான் உண்மையில் பெறுமதி, கிருமியைப் பெரும்பாலும் தள்ளிவிட்டுக் காதைத் தேடப் போகலாம். சிறுநீரில் தேடினால் வித்தி எல்லா நாளும் வெளியேறுவதில்லை, ஆகவே ஒரு நாள் அகப்படாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. உயிரோடு இருக்கும் முயலில் நூறு வீதம் உறுதியாகச் சொல்ல வழி இல்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வந்து, மிஞ்சுவது இதுதான் என்ற முடிவில் மருந்து தொடங்குவார்கள். அதைக் கேட்டு "டொக்டருக்கே தெரியவில்லை" என்று கோபப்பட வேண்டாம்.

மருந்து பென்பென்டசோல், ஆடு மாட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்துதான். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தரம், 28 நாள். 10 வீதக் கரைசலில் ஒரு மில்லிலீட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும், ஆகவே 2 கிலோ முயலுக்கு 40 மில்லிகிராம், அதாவது 0.4 மில்லிலீட்டர். கணக்கை இங்கே போட்டதற்குக் காரணம், போத்தலைப் பார்த்து மூடியால் அளந்து ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், எடை தெரியாமல் தொடங்கவே கூடாது. மனிதப் பாமசியில் கிடைக்கும் அல்பென்டசோலைப் பதிலுக்குக் கொடுப்பதும் ஆபத்து. இந்த வகை மருந்துகள் சில முயல்களின் எலும்பு மச்சையை அடித்து இரத்தத்தைக் குறைத்துவிடும், கொன்றும் இருக்கின்றன, ஆகவே இடையில் முயல் வெளிறிச் சோர்ந்தால் டொக்டருக்குச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடினால் ரக்கூன் என்ற விலங்கின் புழு மூளைக்குள் போவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். அது அமெரிக்காக்காரரின் தலையிடி. நம்முடைய வளவில் ரக்கூன் இல்லை, கீரிதான் இருக்கிறது. கீரியோ தெருநாயோ கடித்த முயல் பிறகு ஒரு நாள் நடை தடுமாறி, விழுங்க முடியாமல், குணம் மாறி இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். முயலுக்கு விசர் நோய் வருவது அரிது, ஆனால் வரும். கடியோ கீறலோ பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்கால் இழுத்தால்

இங்கே முதல் கேள்வி, திடீரென்றா மெல்ல மெல்லவா. முயலின் எலும்பு முழுவதும் சேர்ந்து உடம்பு எடையில் 8 வீதம்கூட வராது, பூனைக்கு 12, 13 வீதம் வரும். ஆனால் பின்கால் தசையோ உதைக்கவென்றே செய்தது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், அது ஒரு உதை உதைத்தால், தன் முள்ளந்தண்டைத் தானே முறித்துக்கொள்ளும். இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்புகள்தான் பெரும்பாலும் போகும். எனக்குத் தெரிந்து களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டில் தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கூட்டுக்குள்ளேயே பாய்ந்து இப்படிப் போனது, ஒருவரும் தொடக்கூட இல்லை.

அப்படிச் சந்தேகம் வந்தால் கையில் தூக்காதீர்கள். எங்கள் வீட்டில் சுளகுதான் கைகொடுத்தது: மேலே துவாய் விரித்து, முயலைச் சறுக்கி அதில் ஏற்றி, இரண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி அணை கொடுத்து, அப்படியே ஓட்டோவில். பலகைத் துண்டும் சரி. நடக்க வைத்துப் பார்க்கிறேன், இழுத்துப் பார்க்கிறேன் என்ற பரிசோதனை எதுவும் வேண்டாம்.

டொக்டர் பார்க்கும் ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள். விரல் எலும்பை அழுத்தும்போது கால் சுருங்கினால் நாம் "ஆ, உணர்ச்சி இருக்கிறது" என்று சந்தோசப்படுவோம். முள்ளந்தண்டு நரம்பு அறுந்திருந்தாலும் கால் சுருங்கும், அது கீழே உள்ள நரம்பின் தனி வேலை. முயல் திரும்பிப் பார்க்க வேண்டும், தள்ளிப்போகப் பார்க்க வேண்டும், தின்றுகொண்டிருந்ததை நிறுத்த வேண்டும்; வலி தலைக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாவிட்டால் நிலைமை நல்லதில்லை. மூத்திரம் தானாகப் போகிறதா, சொட்டிக்கொண்டே இருக்கிறதா, போகவே இல்லையா என்பதையும் சொல்லுங்கள், சலப்பையை அழுத்தி எடுக்க வேண்டுமென்றால் அதை டொக்டரே உங்களுக்குக் காட்டித்தர வேண்டும், நீங்களாக அழுத்தினால் வெடிக்கும்.

கம்பித் தரையில் நின்று பாதம் புண்ணான முயலும், வயதாகி இடுப்பு மூட்டுத் தேய்ந்த முயலும் இதே மாதிரித்தான் நகரும். பாதத்தைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். குட்டியிலேயே கால் பரந்து நீந்துகிற மாதிரிப் போனால் அது பிறவிக் கோளாறு, வழுக்கும் தரை அதைக் கூட்டும்.

வலிப்பா, உருளலா

இரண்டையும் போட்டுக் குழப்புவது சாதாரணம், நானும் சீனிக்கு வலிப்பு என்றுதான் நினைத்தேன். தமிழில் வலிப்புக்கு முயலகன் என்று பழைய பெயர் வேறு. தலைச்சுற்றில் உருளும் முயலுக்கு அறிவு இருக்கும், கண் பயந்துபோய் உங்களைத் தேடும், துவாயால் இறுக்கிச் சுற்றி மார்போடு அணைத்தால் அடங்கும். வலிப்பு அணைத்தாலும் அடங்காது. அறிவு இருக்காது, கால்கள் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிக்கும், முடிந்த பிறகு கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கிடக்கும். வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், இரும்புத் திறப்பும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள், லைட்டை அணையுங்கள், இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். நீலக் கண் வெள்ளை முயல்களில் காரணம் அகப்படாத வலிப்பு வருவதுண்டு, மற்றவற்றில் காரணத்தைத் தேடத்தான் வேண்டும். அதற்கு அடுத்த பகுதி.

நரம்பில் ஒன்றுமில்லாமல் விழும் முயல்

கிழக்கில் இருப்பவர்கள் இதை முதலிலேயே நினைக்க வேண்டும். மே தொடங்கி ஆகஸ்ட் வரை கச்சான் காற்று, தின்கிற கச்சானைச் சொல்லவில்லை, மேற்கிலிருந்து மலை தாண்டி வரும்போது ஈரத்தையெல்லாம் விட்டுவிட்டு வரும் அந்தச் சூட்டுக் காற்றைச் சொல்கிறேன். அது அடிக்கும்போது தகரக் கூரைக் கூட்டுக்குள் கை வைத்துப் பாருங்கள். முயலுக்கு 20 பாகை சுகம், 30 ஐத் தாண்டினால் திணறும், வேர்க்கத் தெரியாது, காது வழியாகத்தான் சூட்டை விடும். தடுமாறி விழுவது, வலிப்பு, மயக்கம், எல்லாம் சூட்டில் வரும். சாதாரண உடம்புச் சூடு 38.5 இலிருந்து 40 பாகை வரை. 41 என்றால் ஆபத்து. குளிர்ந்த ஈரத் துணியால் காதைத் துடையுங்கள், நிழலில் மின்விசிறி போடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம்.

அடுத்தது புல். படுவான்கரைப் பக்கம் வயல் வரம்பில் புல் செழிப்பாக இருக்கும், சைக்கிளில் போய் ஒரு சாக்கு அறுத்துக்கொண்டு வருவோம், அந்த வயலுக்கு முதல் நாள் மருந்தடித்தது யாருக்குத் தெரியும்? வயல் பூச்சி மருந்துகளில் ஒரு வகை நரம்பை நேரடியாக அடிக்கும்: எச்சில் ஒழுகும், கண் பாவை ஊசிமுனை மாதிரிச் சுருங்கும், தோல் துடிக்கும், கழிச்சல், பிறகு வலிப்பு. ஒரே புல்லைத் தின்ற இரண்டு மூன்று முயல் ஒன்றாக விழுந்தால் வேறு நோயைத் தேடவே வேண்டாம். மிஞ்சிய புல்லை டொக்டரிடம் எடுத்துப் போங்கள், மருந்துப் போத்தலின் லேபிளைப் படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தாக அத்ரோபின் ஊசி போடுவார்கள், ஆனால் பல முயல்களின் உடம்பில் அத்ரோபினையே உடைத்துப்போடும் நொதியம் இருக்கிறது, போட்டது சீக்கிரம் கரைந்துவிடும். அதைத் தெரிந்த டொக்டர் திரும்பப் போடுவார் அல்லது கிளைக்கோபைரோலேட் என்ற வேறு மருந்தைத் தேடுவார்.

நாய்க்கு உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு ஆகவே ஆகாது, வலிப்பு வந்து சாகும். "கொஞ்சமாய்த்தான் அடித்தேன்" என்பது எல்லோரும் சொல்வது. பழைய பெயின்ட் உரியும் கதவைக் கொறித்தால் ஈய நஞ்சு. டெங்குப் புகை அடிக்க வரும்போது கூட்டை உள்ளே எடுங்கள். குட்டி போடக் கிட்டிய கொழுத்த பெண் முயல், ஏறக்குறைய 31 நாள் சினைக் காலத்தின் கடைசி வாரத்தில், தின்னாமல் சோர்ந்து தடுமாறினால் அது கர்ப்ப நஞ்சு, உடனே டொக்டர். இன்னுமொன்று, நாலு காலும் துணி மாதிரித் தொய்ந்து, அறிவோடு, சில நேரம் தின்றுகொண்டுகூட, கிடக்கும் முயல். காரணம் எப்போதும் அகப்படாது, ஆனால் ஊட்டி, திருப்பிப் போட்டுப் பராமரித்தால் சில நாளில் எழும்பி ஓடும் முயல்கள் அதிகம், ஆகவே அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம்.

டொக்டரிடம்

அமொக்சிசிலின், அம்பிசிலின், வாயால் கொடுக்கும் பெனிசிலின், கிளின்டமைசின், லின்கோமைசின், இவற்றை வாயால் முயலுக்குக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்களைக் கொன்று நஞ்சு சுரப்பவற்றுக்கு இடம் விடும், கழிச்சலில் தொடங்கி ஒரு சில நாளில் முயல் போய்விடும். காதுச் சீழுக்குத் தாங்கக்கூடியவை என்ரோபுளொக்சசின், சல்பா ட்ரைமெத்தோபிரிம் போன்றவை, அதுவும் பல வாரத்துக்கு. ஸ்டீராய்ட் ஊசி போட முன் ஒரு தரம் கேளுங்கள், முயலுக்கு அது நோய் எதிர்ப்பை நன்றாகவே இறக்கிவிடும், காதில் சீழ் இருந்தால் சீழுக்குத்தான் கொண்டாட்டம். மரியாதையாகக் கேட்கலாம்: "டொக்டர், இது காதுப் பக்கமா மூளைப் பக்கமா என்று நினைக்கிறீங்க? இதில் வீடியோ இருக்கு, பாருங்கோ." நான் இப்படிக் கேட்டபோது அவர் போனை வாங்கி, கண் துடிப்பை மூன்று தரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்து நீண்ட பயணம், ஆகவே விடிய முன் வெளிக்கிடுங்கள், வழி நெடுகத் தின்னக் கொடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னால்கூட முயலைப் பட்டினி போடத் தேவையில்லை, அதற்கு வாந்தி எடுக்கத் தெரியாது.

வீட்டில் துவாயை உருட்டிக் கூட்டின் ஓரமெல்லாம் அடைத்து, உருளாமல் சாய்ந்து நிற்க வசதி செய்யுங்கள். தட்டையான தட்டில் தண்ணீர். தானாகத் தின்னாவிட்டால் ஊறவைத்த முயல் உணவை சிரிஞ்சால், உடம்பை நிமிர்த்திப் பிடித்து, வாய் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, படுக்கப் போட்டு ஊட்டினால் சுவாசப்பைக்குள் போகும். தரைப் பக்கம் இருக்கும் கண் உரசிப் புண்ணாகும், அதற்குக் களிம்பு கேட்டு வாங்குங்கள். சாய்வு போக வாரங்கள் ஆகும், சிலதுக்கு முழுக்கப் போகவே போகாது. சீனி இன்றைக்கும் தலையை இடப்பக்கம் கால்வாசி சரித்து வைத்துக்கொண்டுதான் திரிகிறது, முருங்கை இலைக் காம்பைப் போட்டால் மற்ற இரண்டுக்கும் முன்னால் அதுதான் வந்து இழுக்கும்.

கூட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள், ஈ. கூனிகுலியின் வித்தி வெளியில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், கொதிநீருக்குச் சாகும். வீட்டில் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களோ நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களோ இருந்தால் அந்த வேலையை அவர்கள் செய்யக்கூடாது, மனிதருக்கும் அரிதாகத் தொற்றும். முயல் செத்துப்போய், வளவில் இன்னும் முயல்கள் இருந்தால், மூளையையும் சிறுநீரகத்தையும் வெட்டிப் பார்ப்பதால்தான் உறுதியான பதில் வரும். அதற்கு உடம்பைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துச் சீக்கிரம் டொக்டரிடம் கொடுங்கள், மேலே ஐஸ் பிடிக்கும் இடத்தில் வைத்தால் உறைந்து இழையங்கள் சிதைந்துவிடும்.